பேங்க் வேல்யூவர் வருகிறார், 68 லட்சத்துக்குப் பேசிய வீட்டுக்கு என்ன போடுவார்?

வயலூர்ரோடு_வாசி:

வணக்கம். திருச்சி வயலூர் ரோடு பக்கம் ஒரு பழைய வீடு வாங்கப் பேசியிருக்கிறோம். மனை 1,800 சதுர அடி, கீழே 1,000 சதுர அடியில் வீடு, கட்டி 26 வருஷம் ஆகிறது. மாடியில் 600 சதுர அடியில் ஒரு போர்ஷன் இருக்கிறது, அது 13 வருஷத்துக்கு முன்னால் எடுத்தது, இப்போது வாடகைக்கு ஒரு குடும்பம் இருக்கிறது. விலை 68 லட்சத்தில் முடிந்தது. டோக்கன் அட்வான்ஸாக 2 லட்சம் செக்காகக் கொடுத்தாயிற்று, அக்ரிமென்ட் இன்னும் போடவில்லை. விலையில் 80% லோன் தருவார்கள் என்று பேங்கில் சொன்னதை வைத்து 54 லட்சம் வரும் என்று நம்பி, மீதிக்கு நகை, பிஎஃப், மாமனார் என்று ஏற்பாடு செய்து வைத்திருக்கிறேன்.

அடுத்த வாரம் பேங்க் அனுப்பும் வேல்யூவர் (வீட்டுக்கு மதிப்பு போடுபவர்) வருகிறார். வீட்டுக்காரர் நல்ல மனிதர், "வெள்ளையடித்து பளிச்சென்று வைத்துவிடுகிறேன் தம்பி" என்கிறார். புரோக்கர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, வேல்யூவரைக் கொஞ்சம் கவனித்துவிட்டால் 70 கூடப் போடுவார் என்கிறார். ஆபீஸில் ஒருவர், எப்படி இருந்தாலும் பத்து லட்சம் குறைத்துத்தான் போடுவார்கள், அது எழுதப்படாத விதி என்று பயமுறுத்துகிறார். கைடுலைன் வேல்யூ (பத்திரப் பதிவுக்காக அரசு நிர்ணயித்த மதிப்பு) போட்டுப் பார்த்தேன், பேசிய விலைக்குப் பக்கத்தில்கூட வரவில்லை. அதை வைத்துத்தான் மதிப்பு போடுவார்களா? அவர் வந்தால் என்ன பார்ப்பார், நான் என்ன தயாராக வைக்க வேண்டும், குறைத்துப் போட்டுவிட்டால் என்ன வழி? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

ரிட்டையர்டு_காசாளர்:

தம்பி, மாமனாரை இப்போதே அதிகம் தொந்தரவு செய்ய வேண்டாம், முதலில் கணக்கைப் பார்க்கலாம்.

வேல்யூவர் வருவது உங்களுக்காக இல்லை. அவருக்கு ஃபீஸ் உங்கள் கணக்கில்தான் பிடிப்பார்கள், ஆனால் ரிப்போர்ட் பேங்குக்குப் போகிறது. பேங்குக்கு ஒரே ஒரு கேள்விதான், நாளைக்கு நீங்கள் தவணை கட்டாமல் போய், அந்த வீட்டை ஏலத்தில் விட்டால் போட்ட பணம் திரும்பி வருமா? நீங்கள் ஆசைப்பட்டுக் கொடுக்கும் விலை, வீட்டுக்காரர் பிள்ளை வெளிநாட்டில் செட்டில் ஆகப் போகிறான் என்ற அவசரம், பக்கத்தில் உங்கள் மகள் படிக்கும் பள்ளி இருப்பது, இதெல்லாம் அந்தக் கேள்விக்குள் வராது. ரிப்போர்ட்டைப் பார்த்தால் ஒரு எண் இருக்காது, மூன்று இருக்கும். நிதானமாக விற்றால் என்ன வரும் என்பது சந்தை மதிப்பு, அதைவிடக் கொஞ்சம் குறைத்து கைக்கு வரக்கூடியது என்று ஒன்று, அடித்துப் பிடித்து விற்றால் என்ன வரும் என்று டிஸ்ட்ரஸ் வேல்யூ என்று ஒன்று. கைடுலைன் வேல்யூவையும் தனியாக எழுதுவார்கள், ஆனால் மதிப்பு அதிலிருந்து வராது.

80% என்று சொன்னார்கள் அல்லவா, அது எதில் 80% என்று கேட்டீர்களா? ரிசர்வ் வங்கி விதிப்படி 30 லட்சம் வரை கடன் என்றால் மதிப்பில் 90%, 30க்கு மேல் 75 லட்சம் வரை 80%, அதற்கு மேல் 75%. இது உச்சவரம்பு, பேங்க் இதைவிடக் குறைவாகக் கொடுக்கலாம். பத்திரச் செலவு அந்த மதிப்பில் சேராது (10 லட்சத்துக்கு உட்பட்ட சின்ன வீடு என்றால் மட்டும் விலக்கு உண்டு). தமிழ்நாட்டில் முத்திரைத்தாள் 7%, பதிவுக் கட்டணம் 2%. 68 லட்சத்துக்குப் பத்திரம் என்றால் அதுவே 6 லட்சத்து 12 ஆயிரம், கையிலிருந்து போக வேண்டிய பணம். உங்கள் கணக்கில் இது இருக்கிறதா என்று தெரியவில்லை, நீங்கள் எழுதியதில் காணவில்லை.

அப்புறம் இன்னொன்று, இதுதான் முக்கியம். வேல்யூவர் போடும் மதிப்பு ஒரு பக்கம், அக்ரிமென்டில் எழுதும் விலை ஒரு பக்கம், இரண்டில் எது குறைவோ அதைத்தான் பேங்க் எடுத்துக்கொள்ளும். ஆகவே புரோக்கர் சொல்வது போல வேல்யூவர் 70 போட்டாலும் உங்களுக்கு ஒரு பைசா பிரயோஜனம் இல்லை. சரி, 68 பேசினீர்கள், பத்திரத்தில் எவ்வளவு போடப் போகிறீர்கள்?

---

டேப்பும்_கையுமாக:

நான் சிவில் எஞ்சினியர், சில வங்கிகளுக்குப் பேனல் வேல்யூவராக இருக்கிறேன். (எங்களில் பலருக்குப் பதிவே செல்வ வரிச் சட்டத்தின் கீழ்தான். அந்த வரி 2015 பட்ஜெட்டோடு போய்விட்டது, பதிவு மட்டும் உயிரோடு இருக்கிறது.)

"கவனிப்பு" விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். செய்யாதீர்கள். தப்பு என்பது ஒரு புறம் இருக்கட்டும், வாங்குகிறவர் காசு கொடுத்து மதிப்பை ஏற்றிக்கொள்வது என்பது, அதிக விலை கொடுத்து அதிகக் கடன் வாங்குவதற்கு நாமே லஞ்சம் கொடுப்பது. அதில் லாபம் விற்பவருக்கும் புரோக்கருக்கும்தான்.

இனி எப்படிக் கணக்குப் போடுவோம் என்று சொல்கிறேன். தனி வீட்டுக்கு நிலம் தனி, கட்டடம் தனி. நிலத்துக்கு அந்தத் தெருவில், அடுத்த தெருவில் என்ன ரேட்டுக்குக் கைமாறுகிறது என்று விசாரிப்போம். பதிவான பத்திரங்களில் உண்மை விலை எப்போதும் இருக்காது என்பது ஊரறிந்த விஷயம், அதனால் இரண்டு மூன்று புரோக்கர்களிடமும் பக்கத்துக் கடையிலும் கேட்போம், முன்பு அந்தப் பகுதியில் நாங்களே போட்ட ரிப்போர்ட்களையும் புரட்டுவோம். கட்டடத்துக்கு இன்றைக்குப் புதிதாகக் கட்டினால் சதுர அடிக்கு என்ன ஆகும் என்று எடுத்து, வயதுக்கு ஏற்றபடி தேய்மானம் கழிப்போம். கான்கிரீட் கட்டடத்துக்கு 60 வருஷ ஆயுள், கடைசியில் 10% மிச்சம் நிற்கும் என்பது வழக்கமான கணக்கு. அதாவது வருஷத்துக்கு ஒன்றரை சதவீதம் போகும்.

உங்கள் வீட்டையே எடுத்துக்கொள்வோம். உங்கள் தெரு ரேட் எனக்குத் தெரியாது, கணக்கு புரிவதற்காக நிலம் சதுர அடி 2,500 என்றும், கீழ்த்தளம் 1,800, மாடி 1,600 என்றும் வைக்கிறேன். நிலம் 1,800 சதுர அடிக்கு 45 லட்சம். கீழ் வீடு புதிதாக இருந்தால் 18 லட்சம், 26 வருஷத்துக்கு 39% கழித்தால் 10.98 லட்சம். மாடி புதிதாக 9.6 லட்சம், 13 வருஷத்துக்கு 19.5% போனால் 7.73 லட்சம். மொத்தம் 63.71 லட்சம். போர், சம்ப், காம்பவுண்டு சுவர், கேட் இதற்கெல்லாம் ஏதோ கொஞ்சம் சேர்ப்போம். ஆபீஸ் நண்பர் சொன்ன எழுதப்படாத விதி எதுவும் இல்லை. பழைய வீட்டை வாங்குகிறவர்கள் கட்டடத்துக்குப் புது விலை மனதில் வைத்துக்கொண்டு பேசுகிறார்கள், நாங்கள் தேய்மானம் கழிக்கிறோம், வித்தியாசம் அங்கே வருகிறது.

இப்போது மாடிக்கு வருவோம். 13 வருஷத்துக்கு முன்னால் "எடுத்தது" என்று எழுதியிருக்கிறீர்கள். பிளான் அப்ரூவல் இருக்கிறதா? கீழ்த்தளத்துக்கு மட்டும் அனுமதி வாங்கி மேலே இஷ்டத்துக்குக் கட்டியிருந்தால், நிறைய வங்கிகள் அந்த மாடியை மதிப்பில் சேர்க்கவே விடாது. நான் அளந்து எழுதுவேன், "அனுமதி இல்லாத பகுதி" என்று தனியாகக் காட்டுவேன், பேங்க் அதைக் கழித்துவிடும். வீட்டு வரி கட்டுகிறோமே, மாடிக்குத் தனி கரண்ட் கனெக்‌ஷன் இருக்கிறதே என்று காட்டுவார்கள். வரி போட்டதாலேயே கட்டடம் அனுமதி பெற்றதாக ஆகிவிடாது. மாடி போனால் மேலே சொன்ன கணக்கு 55.98 லட்சமாக இறங்கும். அதில் 80% என்றால் 44.78 லட்சம். நீங்கள் எதிர்பார்ப்பது 54. கிட்டத்தட்ட ஒன்பதே கால் லட்சம் இடிக்கிறது.

வெள்ளையடிப்பதைப் பற்றி: வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் அதற்கு நாங்கள் மார்க் போடுவதில்லை. சொல்லப்போனால் பழைய வீட்டில் சீலிங்குக்கு மட்டும் புது வெள்ளை இருந்தால் நான் இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்று பார்ப்பேன். கம்பி துருப்பிடித்து கான்கிரீட் பெயர்ந்திருக்கிறதா, சன்ஷேடில் விரிசல் இருக்கிறதா, பாத்ரூம் பக்கச் சுவர் ஊறியிருக்கிறதா, இதையெல்லாம் பார்த்துத்தான் கட்டடத்துக்கு இன்னும் எத்தனை வருஷம் ஆயுள் என்று எழுத வேண்டும். அது சும்மா ஒரு வரி இல்லை. 20 வருஷக் கடன் கேட்கும்போது கட்டடத்தின் மீதி ஆயுள் அதைவிட அதிகமாக இருக்க வேண்டும் என்று பேங்க் பார்க்கும். வீட்டுக்காரர் செலவு செய்யத் தயார் என்றால் பெயிண்டுக்குப் பதில் மொட்டை மாடி ஒழுகலை அடைக்கச் சொல்லுங்கள். மாடுலர் கிச்சன், ஃபால்ஸ் சீலிங், டைல்ஸ் மேல் டைல்ஸ், இதற்கெல்லாம் விற்பவர் கேட்கும் விலையில் கால்வாசிகூட ரிப்போர்ட்டில் வராது.

---

ஈரோட்டு_மஞ்சள்:

சார் சொன்னது எல்லாம் சரி, ஆனால் எங்களுக்குச் சிக்கல் கட்டடத்தில் வரவில்லை, பட்டாவில் வந்தது. அதையும் இவர் பார்த்துக்கொள்ளட்டும் என்று எழுதுகிறேன்.

நாங்கள் ஈரோட்டில் வாங்கிய வீட்டுக்குப் பத்திரத்தில் 5 சென்ட். பட்டாவில் அதைவிடக் குறைவு. இடத்தில் டேப் பிடித்தால் இரண்டுக்கும் நடுவே ஏதோ ஒன்று வந்தது. காரணம் என்னவென்றால், முந்தைய ஓனர் காலத்தில் ரோடு போட ஒரு பக்கம் இடம் விட்டிருக்கிறார்கள், பட்டாவில் அது கழிந்துவிட்டது, பத்திரம் மட்டும் பழைய அளவையே தலைமுறை தலைமுறையாகச் சுமந்துகொண்டு வந்திருக்கிறது. பேங்க் மூன்றில் எது குறைவோ அதற்குத்தான் மதிப்பு என்று சொல்லிவிட்டது. நாங்களோ பத்திர அளவுக்கு விலை பேசியிருந்தோம். அதற்குப் பிறகு விற்பவரிடம் உட்கார்ந்து, இல்லாத நிலத்துக்கு ஏன் காசு என்று கேட்டு, விலையைக் குறைத்து முடித்தோம். அவரும் ஒப்புக்கொண்டார், வேறு யார் வந்தாலும் இதே கேள்வி வரும் என்பதால்.

அதனால் வேல்யூவர் வருவதற்கு முன்னாலேயே நீங்களே பாருங்கள். பட்டாவும் புலப்படமும் (மனையின் அளவு காட்டும் சர்வே வரைபடம்) தமிழ்நாடு அரசின் இ-சேவை இணையதளத்தில் எடுக்கலாம், வில்லங்கம் பதிவுத்துறை தளத்தில் பார்க்கலாம், அதற்கு யார் காலிலும் விழ வேண்டாம். பத்திரத்தில் எழுதியிருக்கும் நான்கு எல்லையும் இன்றைக்கு இருக்கும் நிலவரமும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். "வடக்கே முருகேசன் காலி மனை" என்று இருக்கும், இப்போது அங்கே மூன்று மாடி வீடு நிற்கும், அது பரவாயில்லை. ஆனால் "கிழக்கே 20 அடி ரோடு" என்று இருந்து, நேரில் 12 அடிதான் இருக்கிறது என்றால் அது மதிப்பையே பாதிக்கும். கூட்டுப் பட்டாவா தனிப் பட்டாவா என்பதையும் கேளுங்கள்.

---

வயலூர்ரோடு_வாசி:

இவ்வளவு விவரமாக எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை, எல்லோருக்கும் நன்றி.

கேட்டுவிட்டு வந்தேன். மாடிக்குப் பிளான் இல்லை. "அந்தக் காலத்தில் யார் சார் பிளான் வாங்கினார்கள், வரி கட்டுகிறோம் அல்லவா" என்கிறார் வீட்டுக்காரர், எஞ்சினியர் சார் சொன்ன அதே வசனம். கீழ் வீட்டுக்கு உள்ளாட்சி அனுமதி வாங்கிய வரைபடம் இருக்கிறது, மடித்து மடித்து நைந்து போயிருக்கிறது. பட்டா தனிப் பட்டா, அளவு சரியாக இருக்கிறது, ஈரோடு அக்காவுக்கு அதற்குத் தனி நன்றி.

காசாளர் சார், நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லவே சங்கடமாக இருக்கிறது. பத்திரம் 52 லட்சத்துக்குப் போடலாம், மீதி 16 லட்சம் ரொக்கமாகக் கொடுத்துவிடுங்கள், உங்களுக்கும் பத்திரச் செலவு மிச்சம் என்று புரோக்கர் சொல்லியிருக்கிறார். 52 என்பது கைடுலைனுக்கு மேல்தான். எல்லோரும் இப்படித்தான் செய்கிறார்கள் என்கிறார்.

---

ரிட்டையர்டு_காசாளர்:

அதற்குத்தான் கேட்டேன்.

52க்கு அக்ரிமென்ட் போட்டால், வேல்யூவர் 63 போட்டாலும் 70 போட்டாலும் பேங்க் 52ஐத்தான் எடுக்கும். அதில் 80% என்றால் 41 லட்சத்து 60 ஆயிரம். நீங்கள் வீட்டுக்காரருக்குக் கொடுக்க வேண்டியது மொத்தம் 68. அப்படியானால் உங்கள் கையிலிருந்து 26 லட்சத்து 40 ஆயிரம், அதில் 16 லட்சம் கட்டுக்கட்டாக ரொக்கம், அதற்கு மேல் பத்திரச் செலவு. பத்திரச் செலவில் மிச்சம் எவ்வளவு? 16 லட்சத்துக்கு 9%, அதாவது 1 லட்சத்து 44 ஆயிரம். அந்த 1.44 லட்சத்தை மிச்சம் பிடிக்க, நீங்கள் நம்பியிருந்த 54 லட்சம் கடனில் 12 லட்சத்துக்கு மேல் குறைகிறது.

சட்டப்படியும் சொல்கிறேன். வீடு, நிலம் விற்கும்போது 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது, வாங்கினால் வாங்கியவருக்கு அதே தொகை அபராதம். உங்கள் 16 லட்சம் எங்கிருந்து வந்தது என்று உங்களையும் கேட்பார்கள். நாளைக்கு நீங்கள் இந்த வீட்டை விற்கும்போது வாங்கிய விலை 52 என்றுதான் கணக்கில் நிற்கும், 16 லட்சத்துக்கும் சேர்த்து லாப வரி நீங்கள் கட்டுவீர்கள். அதாவது வீட்டுக்காரர் மிச்சம் பிடிக்கும் வரியை வருஷங்கள் கழித்து நீங்கள் கட்டுகிறீர்கள். எல்லோரும் செய்கிறார்கள் என்பது உண்மைதான், எல்லோருக்கும் இந்தக் கணக்கு யாரும் போட்டுக் காட்டுவதில்லை என்பதும் உண்மை.

பத்திரம் 52க்குப் போட்டாலும் 68க்குப் போட்டாலும் 50 லட்சத்தைத் தாண்டுவதால் 1% டிடிஎஸ் பிடித்து, வீட்டுக்காரர் பெயரில் வருமான வரிக்கு நீங்கள் கட்ட வேண்டும். அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், கடைசி நாளில் சொன்னால் சண்டை வரும்.

---

தாம்பரம்_ஃபிளாட்டு:

நடுவில் ஒரு சின்னச் சந்தேகம், இவர் கேள்விக்குக் கொஞ்சம் வெளியே. ஃபிளாட்டுக்கும் இதே நிலம், கட்டடம் கணக்குதானா? எங்களுடையது 15 வருஷப் பழைய ஃபிளாட், 1,050 சதுர அடி என்று சொல்லி விற்றார்கள், யுடிஎஸ் (நிலத்தில் எங்கள் பங்கு) 480.

---

டேப்பும்_கையுமாக:

ஃபிளாட்டுக்குப் பெரும்பாலும் நிலமும் கட்டடமும் சேர்த்து சதுர அடிக்கு ஒரே ரேட்தான், அதே பில்டிங்கிலும் பக்கத்து பில்டிங்கிலும் கைமாறும் விலையை வைத்து. ஆனால் 1,050 என்பதில் படிக்கட்டு, லிஃப்ட், காரிடார் எல்லாம் சேர்ந்திருக்கும், உள்ளே டேப் பிடித்தால் அதைவிட நன்றாகவே குறையும். எந்த அளவுக்கு எந்த ரேட் என்பதில் குழப்பிக்கொள்ளாதீர்கள். பழைய ஃபிளாட்டில் வருஷம் ஆக ஆகக் கட்டடம் தேயும், யுடிஎஸ் தேயாது, அதனால் 480 இருப்பது உங்களுக்கு நல்லதுதான். விரிவாக வேண்டுமென்றால் தனியாகக் கேள்வி போடுங்கள், இங்கே இவரை விட்டுவிட வேண்டாம்.

வயலூர்ரோடு தம்பிக்கு: மாடி விஷயத்தில் இரண்டு வழி. ஒன்று, விதிகளுக்குள் அடங்குகிற மாதிரி கட்டியிருந்தால் விற்பவரே பிளான் போட்டு அனுமதிக்கு விண்ணப்பிக்கச் சொல்லலாம். பக்கவாட்டில் விட வேண்டிய இடம் விட்டிருக்கிறதா, ரோடு அகலம் போதுமா என்று உள்ளூர் எஞ்சினியர் ஒருவர் பார்த்தால் சொல்லிவிடுவார். ஆனால் நாள் ஆகும், கிடைக்கும் என்ற உத்தரவாதமும் இல்லை. இரண்டு, மாடி இல்லை என்றே வைத்து விலை பேசுவது. எனக்கு இரண்டாவதுதான் சரி என்று படுகிறது. அனுமதி இல்லாத மாடிக்கு நீங்கள் முழு விலை கொடுத்தால், நாளைக்கு நீங்கள் விற்கும்போது உங்களிடம் வாங்குபவருக்கும் இதே கதைதான்.

மனையின் அப்ரூவலையும் ஒரு தடவை பாருங்கள். 26 வருஷத்துக்கு முந்தைய லேஅவுட் என்றால் பஞ்சாயத்து அப்ரூவலாக இருக்க வாய்ப்பு உண்டு, டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அப்ரூவல் இருக்காது. 2016 அக்டோபர் 20க்கு முன்னால் பத்திரம் ஆன அப்படிப்பட்ட மனைகளை வரன்முறைப்படுத்த 2017இல் விதி கொண்டுவந்தார்கள், நிறையப் பேர் பணம் கட்டி வரன்முறை உத்தரவு வாங்கிவிட்டார்கள். வீட்டுக்காரர் வாங்கியிருக்கிறாரா என்று கேளுங்கள். வாங்கியிருந்தால் அந்த உத்தரவின் நகல் ஃபைலில் முதல் பக்கமாக இருக்கட்டும்.

உங்கள் பக்கம் கோரையாறும் இருக்கிறது. தெருவில் மழைத் தண்ணீர் நிற்குமா என்று நாங்கள் அக்கம்பக்கத்தில் கேட்போம், நீங்களும் கேளுங்கள், எங்களுக்காக இல்லை, உங்களுக்காக.

---

காவிரிக்கரை_லலிதா:

நான் விற்றவள் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். கும்பகோணத்தில் அப்பா வீட்டை விற்றபோது வாங்குபவரின் பேங்கிலிருந்து வேல்யூவர் வந்தார். வெள்ளையடித்தால் விலை ஏறும் என்று எங்கள் பெரியப்பாவும் சொன்னார், பெண் பார்க்க வருகிற மாதிரி பஜ்ஜி, காபி எல்லாம் தயார் செய்தோம், மனிதர் தண்ணீர் மட்டும் குடித்துவிட்டு டேப்பை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய்விட்டார்.

அன்றைக்கு உண்மையில் வேலைக்கு ஆனவை எல்லாம் சின்ன விஷயங்கள். பின்பக்கம் எல்லைக்கல்லை மூடியிருந்த புதரை வெட்டி வைத்திருந்தோம், அதனால் அளப்பது சுலபமாக முடிந்தது. எல்லா அறைச் சாவியும் கையில் இருந்தது. வாடகைக்கு இருந்தவர்களிடம் முந்தின நாளே சொல்லி வைத்திருந்தோம். தம்பி, உங்கள் மாடியில் குடும்பம் இருக்கிறது என்கிறீர்கள், அவர்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு கல்யாணத்துக்குப் போய்விட்டால் வேல்யூவர் உள்ளே பார்க்கவில்லை என்று எழுதிவிட்டுப் போவார், இன்னொரு முறை வர வேண்டும். வாடகைதாரர் எப்போது காலி செய்வார் என்பதையும் அக்ரிமென்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. எங்கள் வீட்டில் ஃபோட்டோ எடுக்கும்போது வீட்டுக் கதவு எண்ணும் வரி ரசீதில் இருக்கும் எண்ணும் வேறு வேறு என்று கேட்டார். நகராட்சி எண் மாற்றியிருந்தது. பழைய எண், புது எண் இரண்டும் இருக்கும் ரசீதை அண்ணன் தேடி எடுத்தான், இல்லையென்றால் அதற்கே அலைந்திருப்போம்.

---

வயலூர்ரோடு_வாசி:

லலிதா மேடம், பஜ்ஜி யோசனை எங்கள் வீட்டிலும் இருந்தது, ரத்து செய்துவிட்டேன்.

இப்போது என் நிலைமை இதுதான். 68க்கு முழுப் பத்திரம் என்றால் சம்மதம், ரொக்கம் கிடையாது என்று வீட்டுக்காரரிடம் நேரில் சொல்லிவிட்டேன். முகம் கொஞ்சம் வாடியது, ஆனால் மாட்டேன் என்று சொல்லவில்லை, ஆடிட்டரைக் கேட்டுச் சொல்கிறேன் என்றார். மாடி பற்றிய பேச்சை இன்னும் எடுக்கவில்லை. வேல்யூவர் ரிப்போர்ட் வந்த பிறகு எடுப்பதா, முன்னாலேயே எடுப்பதா? ரிப்போர்ட்டின் நகல் எனக்குத் தருவார்களா? குறைந்து வந்தால் மறுபடி பார்க்கச் சொல்ல முடியுமா?

---

ரிட்டையர்டு_காசாளர்:

ரிப்போர்ட் வந்த பிறகு எடுங்கள். நீங்களாகச் சொன்னால் பேரம் பேசுகிறான் என்று நினைப்பார், பேங்க் இவ்வளவுதான் போட்டிருக்கிறது என்று காகிதத்தோடு போனால் பேச்சே வேறு மாதிரி இருக்கும். அதுவரை அக்ரிமென்ட் போட அவசரப்படாதீர்கள். அப்படிப் போட்டே ஆக வேண்டும் என்றால், பேங்க் மதிப்பு இத்தனை லட்சத்துக்குக் குறைந்தாலோ, கடன் கிடைக்காமல் போனாலோ, லீகல் ஒப்பீனியன் பாதகமாக வந்தாலோ அட்வான்ஸ் முழுவதும் இத்தனை நாளுக்குள் திரும்பத் தர வேண்டும் என்று ஒரு ஷரத்து சேர்த்துப் போடுங்கள். டாக்குமென்ட் ரைட்டர் ரெடிமேடாக வைத்திருக்கும் படிவத்தில் இது இருக்காது, வாங்குபவர் பின்வாங்கினால் அட்வான்ஸ் போய்விடும் என்பதுதான் இருக்கும். அந்த வரியை நீங்கள் படிக்காமல் கையெழுத்துப் போட்டால் 2 லட்சத்தை மறந்துவிட வேண்டியதுதான்.

நகல் கேளுங்கள். சில கிளைகளில் உள்விஷயம் என்று தயங்குவார்கள். ஃபீஸ் கட்டியது நான் என்று எழுத்தில் கேட்டால் பெரும்பாலும் கொடுத்துவிடுவார்கள், குறைந்தபட்சம் என்ன எண், எதைக் கழித்தார்கள் என்றாவது சொல்வார்கள்.

---

டேப்பும்_கையுமாக:

மறுபடி பார்க்கச் சொல்லலாம், ஆனால் "குறைவாக இருக்கிறது" என்று சொன்னால் யாரும் அசைய மாட்டார்கள். அளவு தப்பு, கட்டடத்தின் வயது தப்பு, இருக்கும் பிளானைக் கணக்கில் எடுக்கவில்லை, தப்பான தெருவின் ரேட்டைப் போட்டிருக்கிறார், இப்படி ஏதாவது இருந்தால் கிளை மேனேஜருக்கு ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். உங்கள் தெருவில் சமீபத்தில் விற்ற மனை ஏதாவது இருந்தால் அந்தப் பத்திர எண்ணையும் சேருங்கள், வில்லங்கத்தில் போட்டுப் பார்த்தால் கிடைக்கும். பேங்க் நினைத்தால் பேனலில் இருக்கும் இன்னொருவரை அனுப்பும், அதற்கும் ஃபீஸ் உங்களுடையதுதான். வேறு பேங்குக்குப் போனால் வேறு வேல்யூவர் வருவார், ஆனால் பிளான் இல்லாத மாடி அங்கேயும் பிளான் இல்லாத மாடிதான்.

வருகிற அன்று நீங்கள் கூட இருப்பது நல்லது, ஆனால் பின்னாலேயே நடந்து வந்து "சார் இது தேக்கு, இது பர்மா தேக்கு" என்று சொல்ல வேண்டாம், விற்பவரும் சொல்ல வேண்டாம். கையில் ஒரு ஃபைல் இருந்தால் போதும். விற்பவரின் பத்திரம், அதற்கு முந்தைய மூலப்பத்திரம், பட்டா, புலப்படம், நைந்து போன அந்தப் பிளான், வீட்டு வரி ரசீது, கரண்ட் பில், எல்லாம் நகல். பிளானை இன்றைக்கே ஒரு கடையில் ஸ்கேன் செய்து பெரிய தாளில் பிரிண்ட் எடுத்துவிடுங்கள், மடிப்பில் இருக்கும் அளவு எண்தான் எப்போதும் அழிந்திருக்கும், அனுமதி எண்ணும் தேதியும் தெரிகிறதா என்று பாருங்கள். தெரியவில்லை என்றால் கொடுத்த அலுவலகத்திலேயே சான்றிட்ட நகல் கேட்டு விண்ணப்பிக்கலாம், ஆனால் அடுத்த வாரத்துக்குள் வராது, வேல்யூவரிடம் விண்ணப்பித்த ரசீதைக் காட்டுங்கள்.

மாடியைப் பற்றிக் கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள். மறைத்தால் பிளானை வைத்துக் கண்டுபிடிக்க எங்களுக்கு ஐந்து நிமிஷம் ஆகாது.

---

வயலூர்ரோடு_வாசி:

பிரிண்ட் எடுத்தாயிற்று. அனுமதி எண் தெரிகிறது, தேதியில் வருஷம் மட்டும் மடிப்பில் போய்விட்டது. நாளைக் காலை அலுவலகத்தில் விண்ணப்பம் கொடுக்கிறேன். ரிப்போர்ட் வந்ததும் எண்ணோடு இங்கேயே எழுதுகிறேன்.